மாதிரி எண் 114

ஜிப் பையில் வந்தது பாதி கடித்த முந்திரிக்கொத்து.
கூடவே ஆசாரிப்பள்ளத்து ஆஸ்பத்திரிச் சீட்டு:
ஜெரோபின், ஏழு வயது, குறும்பனை.
உதடு வீங்கி, மூச்சு இரைத்து,
ஊசி போட்டு அரை மணி கழிந்ததும்
பக்கத்துக் கட்டிலின் ரஸ்க்கைக் கேட்டிருக்கிறான்.

அவனுக்கு முந்திரி ஆகாது.
அவன் அம்மாவுக்கு அது தெரியும்.
முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது என்பதும் தெரியும்.
சிறுபயறு, கருப்பட்டி, தேங்காய், எள், ஏலம்,
மேலே அரிசிமாவில் ஒரு சட்டை.
களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை
யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்,
பெயர்தான் அப்படி என்று.
அவளும் அதை நம்பித்தான் கொடுத்தாள்.

அரைத்தேன். கரைத்தேன்.
கொழுப்பை ஒதுக்கி, இழையை மட்டும்
ஆல்கஹாலில் இறக்கினேன்.
கொதித்த எண்ணெய் அதை முன்பே நறுக்கிப் போட்டிருந்தது.
பரவாயில்லை,
நூறு எழுத்து முழுசாகத் தப்பியிருந்தால் எனக்குப் போதும்.

பிரைமர் என்பது இருபது எழுத்து மோப்பம்.
கொல்லாமரத்தை மட்டுமே அறியும்.
மாமரம் எதிரே வந்தாலும் திரும்பிப் பார்க்காது,
பங்காளிதான் என்றாலும்.

நாற்பது சுற்று.
பிரிந்து ஒட்டி இரட்டித்து, பிரிந்து ஒட்டி இரட்டித்து.
வெட்டூர்ணிமடத்தில் பஸ் எல்லாம் ஹாரன் அடிக்க
நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்திரண்டில் எழுந்தது 114.
முப்பத்தாறில்
எழவே கூடாத குழி எழுந்தது.
அதில் நான் விட்டது வெறும் தண்ணீர்.

தண்ணீரில் கொல்லாமரம்.

காலையில் மழை.
அக்காவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.
செல்வராணி அண்டி ஆபீசில் தோடு உடைக்கிறாள்,
பதினாறு வருஷமாக.
தோட்டெண்ணெய் தின்ற விரல்களில் ரேகை இல்லை.
ரேஷன் கடை மெஷின் மூன்று தடவை
அவளை யாரென்று கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறது.
என் மெஷின்
அவள் வராமலே அவளைக் கண்டுகொண்டது.

ஓட்டத்தைத் தள்ளுபடி செய்தேன்.
மேஜைக்கு ப்ளீச், புது டிப், புதுக் கோட்டு.
ஸ்வெட்டரை ஸ்கூட்டர் ஷெட்டில் தொங்கவிட்டேன்.
மறுநாள் தண்ணீரின் கோடு படுத்தே கிடந்தது.
114 மட்டும்
முப்பத்திரண்டரையில் மறுபடி எழுந்தது.

திங்கள்நகருக்கு ஃபோன் போட்டேன்.
தங்கலீலா சத்தியம் பண்ணினாள்:
"எனக்க கொத்துல ஒரு பருப்பு கெடையாது மக்கா,
அதுக்க வெலைக்கு நான் எங்க போவேன்?"

உருட்டுவது யார் என்றேன்.

"நாலு பெண்ணுங்க.
அண்டி ஆபீஸ் விட்டு நேரே வாறவிய."

சொல்லி முடித்ததும் அவளுக்கே கேட்டிருக்க வேண்டும்.
பின்னால் எண்ணெய் சடசடத்தது.

"கை களுவிட்டுத்தான் உருட்டுதாவ...
அதுல எவளுக்க கை?"

எந்த மரம் என்றுதான் இது சொல்லும், என்றேன்.
கையைச் சொல்லாது.

"அப்ப நாலு பேரையும் நிறுத்தணுமா?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
சோப்பு என்றேன். மாற்று உடுப்பு என்றேன்.
தலைத்துணி, தனி முறம், பாக்கெட்டில் ஒரு வரி.
இத்தனை வேகமாக நான் பேசியதில்லை.

அறிக்கையில் ஒரே சொல்லுக்குத்தான் இடம்:
கண்டறியப்பட்டது.
கீழே விஜிலா என்று கையெழுத்திட்டேன்.
அன்று இரவு அக்கா சோறு போட்டாள்.
ஸ்வெட்டரைத் துவைத்துத் தந்ததற்கு
என்ன விசேஷம் என்று கேட்டாள்.

மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் போன வாரம்
பாக்கெட்டைப் பார்த்தேன்.
முந்திரிக்கொத்து, அதன் கீழே
கோணலாக ஒட்டிய புது ஸ்டிக்கர்:
முந்திரி இருக்கலாம்.

பக்கத்தில் நின்றவர் வாசித்துவிட்டுச் சிரித்தார்,
"பேருலயே இருக்கே, பின்ன இத எதுக்கு எளுதணும்?"